மேரிசெல்வியின் ரஃப் நோட்டு

அசிங்கமான ஸ்கிரீன் எதைப் பார்த்தாலும் சாமுண்டீஸ்வரிக்கு ஆகாது. பேங்க் ஏடிஎம், பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கிற மெஷின், ரேஷன் கடையில் கைரேகை வைக்கிற டப்பா, ஒன்றையும் விடமாட்டாள். "எந்த புண்ணியவான் இந்த பட்டனை இங்க கொண்டு வந்து வெச்சான்?" என்று வரிசையில் நிற்கிறவர்கள் காதுபடவே திட்டுவாள். அவளோடு கடைக்குப் போகவே வீட்டுக்காரர் பயப்படுவார். அதற்காக வாய்ச்சொல்லில் வீராங்கனை என்று நினைத்துவிடாதீர்கள். வேலையில் கெட்டிக்காரி. இடையஞ்சாவடியில் வீடு, குயிலாப்பாளையத்தில் பேக்கரிக்கு மேல்மாடியில் இருக்கிற ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் பன்னிரண்டு வருஷமாக டிசைனர். பட்டன் எங்கே இருக்கவேண்டும், எழுத்து எத்தனை பெரிசு, எந்த நிறம் கண்ணை உறுத்தாது என்பதெல்லாம் அவள் கையில்.

நோட்டு விஷயத்திலும் அப்படித்தான். ஆரோவில்லில் கையால் செய்த காகிதத்தில், தையல் போட்டுக் கட்டிய நோட்டுதான் வாங்குவாள். கோடு கிடையாது, புள்ளி மட்டும். அதில் எழுத தனிப் பேனா. எழுதுவதற்கு முன்னால் பக்கத்தை ஒருதரம் தடவிப் பார்த்துக்கொள்வாள். பரத் என்று கூட வேலை செய்கிற பையன், "அக்கா, அதுக்கு சூடம் காட்டிட்டு எழுதுங்க" என்று கிண்டல் பண்ணுவான்.

இந்தப் பெருமையெல்லாம் மே மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானத்தோடு சரி.

விஷயம் இதுதான். மரக்காணத்தில் சிவஞானம் என்று ஒரு உப்பளக்காரர். உப்பு விளைகிற பாத்தி பன்னிரண்டு வைத்திருக்கிறார். அந்தப் பாத்திகளுக்காகச் சாமுண்டி ஒரு ஆப் செய்து கொடுத்திருந்தாள். தண்ணீரில் உப்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதை டிகிரிக் கணக்கில் பார்ப்பார்கள். இருபத்தைந்தைத் தொட்டால் உப்புப் பூக்கும். இருபத்தொன்பதைத் தாண்டினால் தண்ணீர் கசக்க ஆரம்பிக்கும். அந்தக் கசப்புத் தண்ணீரை உடனே மடை திறந்து வடித்துவிட வேண்டும், இல்லையென்றால் அதில் விளைகிற உப்பும் கசக்கும். காலையில் ஒவ்வொரு பாத்தியிலும் டிகிரி பார்த்து போனில் போட்டால், எந்தப் பாத்தி வடிக்கும் பதத்துக்கு வந்திருக்கிறதோ அந்தக் கட்டம் ஆரஞ்சு நிறமாக மாறும். ஆப் அவ்வளவுதான்.

டிகிரி பார்ப்பதும் மடை திறப்பதும் மேரிசெல்வியின் வேலை. முப்பத்தொரு வயசு, ஒல்லி, அதிகம் பேசமாட்டாள். உப்பு வாருகிற பத்துப் பெண்களுக்கும் அவள் சொல்தான். எந்தப் பாத்தியில் என்றைக்கு இறங்கலாம், எதை விட்டுவைக்கலாம் என்று அவள்தான் முடிவு செய்வாள். அந்தப் பக்கத்து அளங்களில் மடை வேலை ஆம்பளைகள் கையில்தான் இருந்தது. ஏழு வருஷத்துக்கு முன்னால் சிவஞானத்திடம் சண்டை போட்டு அதை வாங்கியிருந்தாள்.

போன வாரம் அவள் செய்யூரில் அக்கா வீட்டுக் காது குத்துக்குப் போயிருந்தாள். ரெண்டே ரெண்டு நாள். கிளம்புகிற அன்று காலை டிகிரியெல்லாம் போனில் போட்டுவிட்டு, அதைப் பாப்பாத்தி என்ற புதுப் பெண் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். பாப்பாத்தி திறந்தது தப்பான பாத்தியின் மடை. இருபத்தாறு டிகிரியில் பளபளவென்று பூத்துக்கொண்டிருந்த நல்ல தண்ணீர் அத்தனையும் ஓடிப்போனது. கசப்பேறிய பாத்தி அப்படியே கிடந்தது. அதை வாரி மூட்டை கட்டி அனுப்பியும் விட்டார்கள். ஊறுகாய் போடுகிறவர் ஒரு சிட்டிகை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, வந்த லாரியை வந்த வழியே திருப்பி அனுப்பினார்.

சிவஞானத்துக்கு மானம் போயிற்று. வருகிற திங்கட்கிழமை காலை எல்லாரையும் வரச் சொல்லியிருந்தார். டிப்ளமோ படித்த ஒரு ஆளைப் பேசிவிட்டார் என்றும், மடை வேலை இனிமேல் அவனுக்கு, மேரிசெல்வி மற்றவர்களோடு சேர்ந்து உப்பு வாரவேண்டியதுதான் என்றும் சேதி. "பொம்பளைங்க கையில போனைக் குடுத்தா இப்படித்தான்" என்று அவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

கேட்டதும் சாமுண்டிக்கு மூக்குமேல் கோபம் வந்தது. சிவஞானத்தின்மேல் அல்ல, பாப்பாத்திமேல். சின்னக் குழந்தைகூடத் தப்பு பண்ண முடியாத ஸ்கிரீன் ஆச்சே! நடுவில் வாய்க்கால், அந்தப் பக்கம் ஆறு கட்டம், இந்தப் பக்கம் ஆறு கட்டம். வேறு ஒரு கோடு, ஒரு படம் கிடையாது. ரோடு, மோட்டார் கொட்டகை என்று பரத் சின்னச் சின்னப் படம் போட்டு வைத்திருந்தான். "எதுக்குடா குப்பை?" என்று அதையும் அவளே தூக்கச் சொல்லிவிட்டாள். இதில் எப்படித் தப்பு வரும்? நேரில் போய் ஒரு கை பார்த்துவிடுவது என்று சனிக்கிழமை ஸ்கூட்டரை எடுத்தாள்.

ஈசிஆரில் முக்கால் மணி நேரம். மரக்காணம் வந்ததும் கண் கூசியது. ரெண்டு பக்கமும் வெள்ளை வெளேரென்று உப்பு, மேலே வெயில், கூலிங் கிளாஸைத் தாண்டி வெளிச்சம் குத்துகிறது. ரோட்டோரம் வண்டியை நிறுத்திவிட்டு வரப்புமேல் நடந்து அந்தக் கோடிக்குப் போனாள். அங்கேதான் மோட்டார் கொட்டகை. அதன் நிழலில் பெண்கள் தூக்குவாளியைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவளைப் பார்த்ததும் பேச்சு நின்றது. பாப்பாத்தி மட்டும் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"மேடம், சத்தியமா நான் ஆரஞ்சு பாத்தியதாங்க திறந்தேன். நான் ஒண்ணும் கண்ணு தெரியாதவ இல்லீங்க."

"சரி, நீ உக்காரு. மேரி எங்க?"

மேரிசெல்வி வரப்பில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தாள். சாமுண்டி பக்கத்தில் போய் நின்றும் நிமிரவில்லை.

"என்ன மேரி, என்கிட்ட பேசமாட்டியா?"

"பேசி என்னங்க மேடம் ஆவப்போகுது. திங்கக்கிழமையிலேர்ந்து உப்பு வார கம்பு புடிக்கச் சொல்லிட்டாரு. புடிக்கவேண்டியதுதான்." மறுபடி எழுத ஆரம்பித்தாள்.

அப்போதுதான் சாமுண்டி அவள் மடியில் இருந்ததைப் பார்த்தாள். ஒரு நோட்டு. பள்ளிக்கூடப் பிள்ளைகள் கணக்குப் போட்டுப் பார்க்கிற பழுப்பு ரஃப் நோட்டு. அதை நட்டநடுவில் கத்தியால் அறுத்து, உள்ளங்கை அகலத்துக்குச் சின்னதாக்கி, நைலான் கயிறு கோத்து, கழுத்தில் மாட்டியிருந்தாள். அதே கயிற்றின் இன்னொரு முனையில் ஒரு பென்சில் துண்டு தொங்கியது.

"போன்லதான் எல்லாம் போடுறியே, அப்புறம் இது எதுக்கு?"

"போனு அளத்துக்காரருக்கு. இது எனக்கு."

சாமுண்டிக்குச் சுருக்கென்றது. "குடு, பாக்கலாம்."

கயிற்றைக் கழுத்திலிருந்து கழற்றிக் கொடுக்க மேரிசெல்வி கொஞ்சம் யோசித்தாள். அப்புறம் கொடுத்தாள்.

சாமுண்டி முதல் பக்கத்தைத் திறந்தாள். சும்மா சொல்லக்கூடாது, பன்னிரண்டு வருஷ டிசைனருக்கு வாயடைத்துப் போயிற்று. ஒவ்வொரு தாளிலும் பன்னிரண்டு கட்டம், நடுவில் வாய்க்கால், ஒரே அளவில், ஒரே இடத்தில், அச்சுப் பதித்த மாதிரி. மாதிரி என்ன, அச்சேதான்.

"இது எங்க பிரிண்ட் பண்ண?"

"பிரிண்டா? பிஞ்ச செருப்புங்க மேடம். ரப்பர் செருப்பு. அடிப்பாகத்துல பிளேடால வெட்டி, ஸ்டாம்ப் மையில தொட்டு, ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போயிட்டு வந்து உக்காந்து நூறு தாளுக்கும் குத்திடுவேன். தினம் கோடு போட்டா கட்டம் ஒண்ணு பெருசாவும், ஒண்ணு சின்னதாவும். அப்புறம் கண்ணு தேடும். இப்படின்னா கை தன்னால போவும்."

'அடிப்பாவி!' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள் சாமுண்டி. இதைத்தான் அவள் பெரிய பெரிய கம்பெனிக்காரர்களுக்குச் சிலைடு போட்டு விளக்குகிறாள், எல்லாப் பக்கத்திலும் ஒரே பொருள் ஒரே இடத்தில் இருக்கவேண்டும் என்று. இங்கே ஒருத்தி பிய்ந்த செருப்பை வைத்து முடித்துவிட்டாள்.

"வெள்ளை நோட்டு வாங்கக்கூடாதா? இது பழுப்பா இருக்குதே."

மேரிசெல்வி அவளை ஒரு மாதிரி பார்த்தாள். "இந்த வெயில்ல வெள்ளைப் பேப்பரை ஒரு தரம் விரிச்சுப் பாருங்க. கண்ணு அவிஞ்சிடும். உப்பையும் பாத்து, பேப்பரையும் பாத்தா ஒண்ணுமே தெரியாது. இது கண்ணுக்கு இதமா இருக்கும்."

சாமுண்டி தன் பையிலிருந்த பால்வெள்ளை நோட்டை வெளியே எடுக்காமல் விட்டாள். எடுத்தால் பார்க்கவும் முடியாது என்பது போகட்டும், வெட்கமாக இருந்தது.

பென்சில் எதற்கு என்று கேட்கவேண்டியிருக்கவில்லை. உப்புத் தண்ணீர் பட்ட கையில் பேனா மை என்ன ஆகும் என்று அவளே ஊகித்தாள். சில பக்கங்களின் கீழ் மூலை மட்டும் கிழிக்கப்பட்டிருந்தது. உப்பு வாரிய நாளாம். பக்கத்தைப் பார்க்கவே வேண்டாம், கட்டைவிரல் ஓரத்தைத் தடவினாலே கடைசியாக வாரி எத்தனை நாள் ஆயிற்று என்று தெரிந்துவிடும். ஆனால் வலது பக்கம் மட்டும்தான் அச்சுக் குத்தியிருந்தது. இடது பக்கமெல்லாம் வெறுமையாக இருக்கிறதே என்று பார்த்தால், வெறுமை இல்லை. அங்கங்கே ஒரு வரி, ரெண்டு வரி. 'காத்து மாறிச்சு, மெல்லிசு உப்பு.' 'ஒரு நாள் முந்தி வடிச்சிருக்கலாம்.' 'நல்ல வெள்ளை, பாப்பாத்தி வாரினது.'

"இது என்ன மேரி?"

"வலப்பக்கம் அன்னிக்கு செஞ்சது. ஒரு வாரம் கழிச்சு உப்பு எப்படி வந்துச்சோ அதை இந்தப் பக்கம் எழுதுவேன். அதுக்குதான் இடம் வுட்டு வெச்சிருக்கேன். செஞ்சதை மட்டும் எழுதினா அடுத்த வருஷம் அதைப் பாத்து என்ன புண்ணியம்?"

சாமுண்டி செய்த ஆப்பில் எல்லாம் இருந்தது. தேதி இருந்தது, நேரம் இருந்தது, வரைபடம் இருந்தது. செய்தது என்ன ஆயிற்று என்று எழுத ஒரு இடம் கிடையாது. அப்படி ஒரு இடம் வேண்டும் என்று இத்தனை வருஷத்தில் அவளுக்குத் தோன்றியதே இல்லை. பொறாமையாகவும் இருந்தது, எழுந்து அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொள்ளலாம் போலவும் இருந்தது. ஒரு கருவி நன்றாக இருந்தால் அவளுக்கு அழுகை வரும். வந்தது. கூலிங் கிளாஸ் போட்டிருந்ததால் தப்பித்தாள்.

அப்புறம்தான் வந்த வேலை ஞாபகம் வந்தது. போன வாரத்துப் பக்கத்தைத் திருப்பினாள். செய்யூருக்குக் கிளம்புகிற அன்று காலை மேரிசெல்வி பார்த்த டிகிரியெல்லாம் அதில் இருந்தது. போனில் அதே நாளைத் திறந்து பக்கத்தில் வைத்தாள். ரெண்டும் ஒத்துப்போகவில்லை.

"மேரி, நீ தப்பா போட்டிருக்க. நோட்டுல கசப்பு பாத்தி வலப்பக்கம் நாலாவது. போன்ல இடப்பக்கம் மூணாவது."

மேரிசெல்வி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

சாமுண்டி ஒவ்வொரு எண்ணாக ஒப்பிட்டாள். இருபத்தாறு, இருபத்தேழு, இருபத்தைந்து. எண்களெல்லாம் அதேதான், ஒன்றுகூடக் குறையவில்லை. இடம்தான் வேறு. நோட்டில் கீழே முதலில் இருப்பது போனில் மேலே கடைசியில் இருந்தது. இடது வலதாக இருந்தது. நோட்டைத் தலைகீழாகத் திருப்பினாள். பன்னிரண்டு எண்ணும் போனில் இருந்த பன்னிரண்டோடு பொருந்தின.

தூக்கிவாரிப்போட்டது அவளுக்கு.

சிவஞானத்தின் ஆபீசில் கொடுத்த பிளானைப் பார்த்து அவள் படம் போட்டிருந்தாள். அதில் ரோடு கீழே, மோட்டார் கொட்டகை மேலே. கார் வைத்திருக்கிறவர்கள் ரோட்டிலிருந்து அளத்தைப் பார்ப்பார்கள். இந்தப் பெண்களோ விடியற்காலையில் வாய்க்கால் கரையோடு வந்து மோட்டார் கொட்டகையில் துணி மாற்றிக்கொண்டு, அங்கிருந்து ரோட்டைப் பார்த்து நிற்கிறார்கள். மோட்டார்தான் அவர்களுக்கு முதல். பாத்திகளில் நம்பர்ப் பலகையும் கிடையாது. பாப்பாத்தி கொட்டகையில் நின்று போனைப் பார்த்தாள், இடப்பக்கம் மூணாவது ஆரஞ்சு, நேராகப் போய் இடப்பக்கம் மூணாவதைத் திறந்தாள். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். முதல் நாள் சாமுண்டி சொல்லிக்கொடுத்ததை வைத்து, மேரிசெல்வி மட்டும் இத்தனை நாள் ஒவ்வொரு எண்ணையும் மனசுக்குள் திருப்பித் திருப்பிப் போனில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"இதை ஏன் என்கிட்ட சொல்லல?" என்று சாமுண்டி ஏறக்குறையக் கத்திவிட்டாள்.

மேரிசெல்வி எழுந்தாள். போனை வாங்கி, சாமுண்டியின் முகத்துக்கு நேராகப் பிடித்து, தலைகீழாகத் திருப்பினாள். கட்டங்கள் ஒரு சுற்றுச் சுற்றித் தாமே நிமிர்ந்து நின்றன. மறுபடி திருப்பினாள். மறுபடியும் நிமிர்ந்தன.

"இதைத்தாங்க அன்னிக்கு உங்களுக்குக் காட்டினேன்."

சாமுண்டிக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. ஏப்ரல் மாதம் ஆப்பைச் சொல்லிக்கொடுக்க வந்த நாள். மேரிசெல்வி போனைத் திருப்பித் திருப்பிப் பிடித்தாள். "எப்படிப் புடிச்சாலும் நேரா நிக்கும் மேரி, அதுதான் இதுல விசேஷம்" என்று சாமுண்டி பெருமையாகச் சிரித்தாள். அந்த வசதிக்காகப் பரத்தை ரெண்டு நாள் தொந்தரவு செய்து வாங்கியிருந்தாள். அன்றைக்குத் தன் அழகான நோட்டில் ஒரு குறிப்பும் எழுதினாள். பையைத் திறந்து, கண் கூச, அந்தப் பக்கத்தைத் தேடிப் படித்தாள். பேனா எழுத்து முத்துமுத்தாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை முதலாளி அறிவழகனுக்கு போன் போட்டு விஷயத்தைச் சொன்னாள். அவர் நல்ல மனுஷர்தான், ஆனால் கம்பெனி நடத்துகிறவர்.

"சாமுண்டி, சொல்றத கேளும்மா. அடுத்த வருஷம் இன்னும் பத்து அளத்துக்காரங்க நம்மகிட்ட வரப்போறாங்க. நீ போய் டிசைனே தப்புன்னு சொன்னா எல்லாம் போச்சு. 'ட்ரெய்னிங் பத்தல, மறுபடி ஒருதரம் சொல்லித் தர்றோம்'னு சொல்லிட்டு வா. அது பொய் இல்லையே?"

"அந்தப் பொண்ணோட வேலை போயிடுங்க."

"வேலை எங்க போவுது? வேற வேலை குடுக்கறாரு, அவ்ளோதான்."

சாமுண்டி போனை வைத்துவிட்டு வீட்டுக்காரர்மேல் எரிந்து விழுந்தாள். பாவம், அவர் காபி வேண்டுமா என்றுதான் கேட்டார்.

திங்கட்கிழமை காலை ஒன்பதுக்கெல்லாம் மோட்டார் கொட்டகையில் எல்லாரும் கூடிவிட்டார்கள். சிவஞானம் வெள்ளை வேட்டி சட்டையில் வந்திருந்தார். அவருக்கு மட்டும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. பெண்கள் ஒரு பக்கம் நின்றார்கள். மேரிசெல்வி நோட்டைக் கழுத்தில் மாட்டிக்கொள்ளவில்லை, கையில் சுருட்டி வைத்திருந்தாள்.

"நான் யாரையும் திட்ட வரல" என்று திட்ட ஆரம்பித்தார் சிவஞானம். "படிச்சவங்க கையில குடுக்கவேண்டியதை உங்க கையில குடுத்தது என் தப்பு. ஒரு ஆரஞ்சு கட்டத்தைப் பாத்து ஒரு மடையைத் திறக்கத் தெரியல. ஏம்மா மேரி, இதுக்கு மேல நான் என்ன பண்ண முடியும்? நீயே சொல்லு."

மேரிசெல்வி தலையைக் குனிந்துகொண்டாள். பாப்பாத்தி விசும்ப ஆரம்பித்தாள்.

சாமுண்டி முன்னால் வந்தாள். "சார், ஒரே ஒரு நிமிஷம். இன்னிக்குக் காலையில மேரி டிகிரி போட்டிருக்காங்க. ஒரு பாத்தி ஆரஞ்சா இருக்குது. அது எந்தப் பாத்தின்னு பாத்து நீங்களே போய் நில்லுங்க."

"எனக்கே பரீட்சை வெக்கிறியா?"

"ஆமாங்க சார்."

சிவஞானத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முப்பது வருஷமாக உப்புப் போடுகிற மனுஷர். போனை வாங்கி எட்டிப் பார்த்தார். "இடப்பக்கம் ரெண்டாவது. இது என்னம்மா பெரிய கம்பசூத்திரமா?" வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரப்பில் விறுவிறு என்று நடந்தார். இடப்பக்கம் ரெண்டாவது பாத்திக்கரையில் போய், இடுப்பில் கைவைத்து, ஜம்மென்று நின்றார்.

மேரிசெல்வி டிகிரி பார்க்கிற கண்ணாடி மானியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனாள். அந்தப் பாத்தித் தண்ணீரை மொண்டு, மானியை மிதக்கவிட்டு, அவர் கண்ணுக்கு நேராகப் பிடித்தாள். இருபத்துநாலு. சிவஞானம் நம்பாமல் விரலைத் தொட்டு நாக்கில் வைத்தார். நல்ல உப்பு. மேரிசெல்வி வாய்க்காலைத் தாண்டி வலப்பக்கம் அஞ்சாவது பாத்திக்கு நடந்தாள். அவரும் வேறு வழியில்லாமல் கூடவே போனார். அங்கே மானி இருபத்தொன்பதரை காட்டியது. நாக்கில் வைத்ததும் அவர் முகம் போன போக்கைப் பார்த்து, கொட்டகையில் யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்துவிட்டாள். அவ்வளவுதான், பாப்பாத்தி உட்பட எல்லாரும் சிரித்தார்கள்.

திரும்பி வந்தவர் முகத்தில் ஈயாடவில்லை. நாற்காலியில் உட்காராமலே கேட்டார். "அப்போ போன்ல படம் தப்பா?"

"படம் ரோட்டிலேர்ந்து பாக்கற மாதிரி போட்டிருக்குது சார். இவங்க நிக்கறது இங்க. வரைஞ்சது நான்தான்."

ஆனால் தோற்றுப்போக விரும்பாத மனுஷர்கள் எங்கேயாவது ஒரு பிடி தேடுவார்கள் அல்லவா, சிவஞானத்துக்கும் கிடைத்தது. மேரிசெல்வி பக்கம் திரும்பினார். "சரி, படம் தப்பு. உனக்கு அது தெரிஞ்சிருக்குதே? நீ மட்டும் சரியா போட்டுட்டு வந்திருக்கியே? தெரிஞ்சும் ஏன் வாயைத் திறக்கல? மடையைப் பாக்கறவ இதைச் சொல்ல வேணாமா? அப்ப தப்பு யார் மேல?"

மேரிசெல்வி உதட்டைக் கடித்துக்கொண்டாள். பெரிய இடத்து மேடத்தை எல்லார் எதிரிலும் காட்டிக்கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை, அல்லது சொன்னால் யார் நம்பப்போகிறார்கள் என்று நினைத்தாளோ என்னவோ.

இங்கேதான் சாமுண்டி வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஒரு சின்ன டெக்னிக்கல் கோளாறு, சரி பண்ணித் தருகிறோம் என்று கிளம்பியிருக்கலாம். அறிவழகனும் சந்தோஷப்பட்டிருப்பார். அவள் பையைத் திறந்து அந்த வெள்ளை நோட்டை எடுத்தாள்.

"மேரி சொன்னாங்க சார். முதல் வாரமே என்கிட்ட காட்டினாங்க. நான் அதை எழுதியும் வெச்சிருக்கேன். படிக்கிறேன், கேளுங்க. 'ஏப்ரல் பதினாறு. மேரிசெல்வி போனைத் தலைகீழாகப் பிடிக்கிறார். கருவி பழக்கமில்லை. பயிற்சி தேவை.'" நோட்டிலிருந்து நிமிர்ந்தாள். "அவங்க போனைத் தப்பா புடிக்கல சார். என் படத்தை நேராக்கப் பாத்தாங்க. எனக்கு அது புரியல. எதுக்கு இப்படிப் புடிக்கிறன்னு ஒரு வார்த்தை கேக்கல. அவங்களுக்குப் புத்தி பத்தலன்னு எழுதிட்டுப் போயிட்டேன். பயிற்சி தேவைப்பட்டது எனக்குத்தான். உங்க லாரி திரும்பி வந்ததுக்குக் காரணம் நான். மேரியும் இல்ல, பாப்பாத்தியும் இல்ல."

சிவஞானம் கையை நீட்டி நோட்டை வாங்கினார். தானே ஒருதரம் படித்தார். அப்புறம் மேரிசெல்வியின் கையிலிருந்த ரஃப் நோட்டையும் கேட்டு வாங்கினார். பக்கம் பக்கமாகத் திருப்பினார். அச்சுக் கட்டங்களையும், மூலை கிழித்த பக்கங்களையும், ஓரத்துக் குறிப்புகளையும் பார்த்துக்கொண்டே போனார். ஏழு வருஷமாக அவர் அளத்தில் அவள் கழுத்தில் இப்படி ஒரு நோட்டு தொங்கிக்கொண்டேதான் இருந்தது, ஒருநாளும் அவர் திறந்து பார்த்ததில்லை. ஒரு பக்கத்தில் ரொம்ப நேரம் நின்றார். பிறகு சட்டைப்பையிலிருந்து தன் போனை எடுத்து யாருக்கோ பேசினார்.

"தம்பி, நான் சிவஞானம் பேசறேன். நீ வரவேணாம்பா. இங்க ஆள் இருக்குது."

பாப்பாத்தி பக்கத்திலிருந்தவளைக் கட்டிக்கொண்டாள். மேரிசெல்வி அசையவில்லை. நோட்டு திரும்பக் கைக்கு வந்ததும் கயிற்றைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

"ஆனா ஒண்ணு" என்று சிவஞானம் சாமுண்டியைப் பார்த்தார். "நீ உண்மையைச் சொன்ன, அதுக்கு மரியாதை. ஆனா உன் போன் சமாச்சாரம் இனிமே எனக்கு வேணாம்மா. இந்த நோட்டே போதும்."

சாமுண்டி தலையாட்டினாள். அறிவழகனிடம் என்ன சொல்வது என்ற யோசனையெல்லாம் அவளுக்கு இல்லை. சிவஞானம் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. இந்த நோட்டுக்கு முன்னால் தன் ஆப் எம்மாத்திரம் என்று நினைத்தாள். பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"போன் வேணுங்க" என்றாள் மேரிசெல்வி.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"நோட்டு என் கழுத்துல இருக்குது. நான் செய்யூர் போனா அதுவும் செய்யூர் போயிடுது. அன்னிக்குப் பாப்பாத்தி கையில என்ன இருக்குது? நான் பாத்ததை அவளும் பாக்கணும்னா போன்தான் நல்லது. படத்தை மட்டும் திருப்பிப் போட்டுக் குடுக்கட்டும். அப்படியே, உப்பு எப்படி வந்துச்சுன்னு எழுத ஒரு இடமும் வெச்சுக் குடுக்கட்டும். படத்துல மோட்டார் கொட்டகையையும் போடணும்."

சிவஞானம் மேரிசெல்வியைப் பார்த்தார், சாமுண்டியைப் பார்த்தார். "மடை உன்னுது. உனக்கு வேணும்னா சரி" என்று சொல்லிவிட்டு வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு ரோட்டை நோக்கி நடந்தார்.

பெண்கள் பாத்திக்கு இறங்கினார்கள். சாமுண்டி காலியாகிப்போன பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு புதுப் பக்கத்தைத் திருப்பி, பேனா மூடியைக் கழற்றினாள். முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வியை இப்போதுதான் கேட்டாள்.

"மேரி, காலையில வந்ததும் முதல்ல நீ எங்க நிப்ப?"

"உக்காந்த இடத்துலேர்ந்து கேட்டா எப்படிக்கா தெரியும்?" என்றாள் மேரிசெல்வி. இதுவரை மேடம் என்றே கூப்பிட்டவள். "செருப்பை அங்கயே வுட்டுட்டு எழுந்து வாங்க."